இரண்டும் இடது கால்

தெருவில் அவருக்குப் பல்செட்டுக்காரர் என்று பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்குப் பல்வரிசை செய்துகொடுப்பது தொழில். அவர் செய்யும் பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்காது. ஓரத்தில் லேசாகக் காவி ஏறியிருக்கும். முன்பல்லின் நுனி மயிரிழை தேய்ந்திருக்கும்.

"பளிச்சுன்னு இருந்தா பொய்ப்பல்லுன்னு பச்சப் பிள்ளைக்கும் தெரிஞ்சிடும். குறை இருந்தாத்தான் நிஜம்" என்பார்.

மனைவிக்குத் தையல் வேலை. முன்னறையில் வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தாள். அதனால் மாடிப்படி முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. யார் வந்தாலும் முதலில் சத்தம்தான் வரும். ஆள் பிறகுதான். பால்காரர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவார். நாத்தனார் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள். கணவர் இரண்டிரண்டு படியாக ஏறி, மேலே வந்ததும் ஒரு கணம் சும்மா நிற்பார். பிறகு கதவைத் தள்ளுவார். அந்த ஒரு கணம் எதற்கென்று அவள் கேட்டதில்லை. கேட்டால் போய்விடும் என்று தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டதும் மெஷின் மிதியில் அவள் கால் தானாக நின்றுவிடும்.

பின்னறை அவருடையது. சுடாத துப்பாக்கிகள், எரியாத வாள், எங்கேயும் பறக்காத கப்பல் ஒன்றின் கதவுப்பிடி, வரிசையாகத் தலைக்கவசங்கள். எல்லாம் விண்வெளிப் படங்களில் வருபவை. சிலவற்றை வாங்கினார், பலவற்றை அவரே செய்தார். திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். ஆணி ஒன்று குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"மீசை நரைச்சாச்சு, விளையாட்டுச் சாமான் இன்னும் போகல" என்று நாத்தனார் வரும்போதெல்லாம் சொல்லுவாள். "உள்ள போனா பத்துத் தலை முறைச்சுப் பாக்குது. எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ."

"முறைச்சா முறைக்கட்டும் அண்ணி. அதுங்களாவது சாப்பாட்டுக்கு உப்பு பத்தலன்னு சொல்லாது" என்பாள் அவள்.

உண்மையில் அவளுக்கு அந்த அறை பிடித்திருந்தது. அவர் ஃபோம் ஷீட்டைச் சூடுகாட்டி வளைக்கும்போது எழும் வாசனை, உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் எல்லாம். கவசத்துக்கு உள்ளே போடும் கருப்பு உடையை அவள்தான் தைப்பாள். படத்தை நிறுத்தி நிறுத்தித் தையல் எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று இரண்டு பேரும் பார்ப்பார்கள். அதுவும் ஒரு தாம்பத்தியம்தான்.

நாலாவது காவலன் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அது ஒரு பழைய படம். சிறைக்கப்பல் ஒன்றில் கதை நடக்கும். ஒரு கட்டத்தில் காவலர்கள் வரிசையாக ஒரு நடைவழியில் போவார்கள். நாலாவதாகப் போகிறவன் கதவு மூடுவதற்குமுன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். அவ்வளவுதான். வசனம் கிடையாது, தலைக்கவசத்தைக் கழற்றுவதும் கிடையாது. படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் அவன் பெயர் இல்லை. ஆனால் இந்தக் கவசப் பைத்தியங்களுக்குள் அவன் பிரபலம். மற்றவர்கள் நேராக நடக்கும்போது அவன் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, வலது காலை அரைவட்டமாகச் சுழற்றி வைத்து நடப்பான்.

அவர் அந்தக் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, நாள் கணக்கில் பார்த்தார். ஒரு மாலை அவளைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. கால் கவசத்துல பக்கிள் எந்தப் பக்கம் இருக்கு?"

"வெளிப்பக்கம்."

"இடது கால்ல வெளிப்பக்கம். வலது கால்ல?"

அவள் குனிந்து பார்த்தாள். "உள்பக்கம்."

"அதான். எல்லாரும் படம் இடவலமாத் திரும்பிப் போச்சுன்னாங்க. படம் திரும்பினா ரெண்டு காலும் சேர்ந்து திரும்பணுமில்ல? இவருக்கு மாட்டிவிட்டது ரெண்டுமே இடது கால் கவசம். சட்டுனு வலது கிடைச்சிருக்காது, இருந்ததை மாட்டி அனுப்பிட்டாங்க."

"பாவம். கால் என்னத்துக்கு ஆகும்?"

"அப்படியேதான் செய்யப் போறேன்" என்றார். அவர் கண்ணில், நல்ல அச்சு ஒன்று கைக்கு வந்தால் தெரியும் வெளிச்சம்.

உடைக்கு அளவு எழுதிக்கொடுத்தார். அவள் படித்துப் பார்த்துவிட்டு நாடாவைக் கீழே வைத்தாள்.

"இது உங்க அளவு இல்லையே. தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கு, இடுப்பு ஒடுக்கம். உங்களுக்குத் தொப்பை வேற இருக்கு."

"அவரோட அளவு. கதவு உயரத்த வச்சுக் கணக்குப் போட்டேன்."

"எந்த அவர்?"

அவர் திரையில் நின்றிருந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தைத்துக்கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டபோது உடல் உடைக்குள் எப்படியோ போய் உட்கார்ந்தது. தொப்பை எங்கே போனதென்று அவளுக்குப் புரியவில்லை.

கவசம் முடிந்ததும் பழசாக்கும் வேலை. வழக்கமாக அதை வர்ணத்தில்தான் செய்வார். கீறல், துரு, தேய்மானம் எல்லாம் தூரிகையில் வந்துவிடும். இந்தமுறை தூரிகையைத் தொடவில்லை.

"பெயின்ட் அடிச்சா பெயின்ட் மாதிரிதான் இருக்கும். இவர் நடந்து நடந்து தேஞ்சது. நடந்துதான் தேய்க்கணும்."

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கால் கவசங்களைக் கட்டிக்கொண்டு முன்னறைக்கும் பின்னறைக்கும் நடப்பார். வலது காலில் இடது காலின் கவசம். அது முழங்காலைப் பக்கவாட்டில் தள்ளும். வேறு வழியில்லாமல் கால் அரைவட்டம் போடும். ஒரு குறில், ஒரு நெடில், ஒரு குறில், ஒரு நெடில். அவள் மெஷினில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது.

தேய்மானம் வந்தது. எங்கெல்லாம் திரையில் இருந்ததோ அங்கெல்லாம் வந்தது. உள்பக்கக் கெண்டைக்கால் ஓரத்தில் பிறைபோல ஒரு தேய்வு, பக்கிளுக்குக் கீழே மூன்று கீறல். ஒருநாள் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு நடந்தவர் சமையலறை நிலையில் இடித்துக்கொண்டார். கழற்றிப் பார்த்தால் காதுக்கு மேலே ஒரு பள்ளம். ஓடிப்போய்ப் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். அதே இடம். அதே நீளம். வால் போல ஒரு சிறு கோடு வளைந்து போகுமே, அதுவும்.

"பாத்தியா!" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"பாத்தேன்" என்றாள். கையிலிருந்த ஊசி விரலில் ஏறியிருந்தது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாலை. அவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். படியில் யாரோ ஏறி வரும் சத்தம். குறில், நெடில். குறில், நெடில். ஒவ்வொரு படியாக. மேலே வந்ததும் நிற்காமல் கதவு திறந்தது.

யாரோ தெரியாதவர் என்று திரும்பினாள். அவர்தான். வேலைக்குப் போன உடையில், சாப்பாட்டுப் பையோடு நின்றார். கவசம் பின்னறையில் இருந்தது.

"என்ன இப்படிப் பாக்குற, பேயப் பாத்த மாதிரி?"

"காலு என்ன ஆச்சு?"

"காலா? ஒண்ணுமில்லையே."

நடந்து காட்டினார். குறில், நெடில். அவருக்கே தெரியவில்லை.

மருத்துவர் படமெடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை என்றார். நரம்பிலும் இல்லை. நாத்தனார் வந்து பார்த்தாள். தம்பியை முன்னறையில் நாலுமுறை நடக்கவைத்தாள். பெருமூச்சு மறந்துபோனது.

"எல்லாம் அந்தச் சனியன் பிடிச்ச சாமானால வந்தது. எடுடி அதை. எங்க வீட்டுப் பரண்ல போட்டுப் பூட்டுறேன். இவன் வந்து கேட்டா நான் பேசிக்கறேன்."

"அக்கா, அதுல ஒரு பக்கிள் லூசு, பாத்து..." என்றார் அவர்.

"உன் மண்டையிலதாண்டா லூசு."

கால் கவசங்கள் இரண்டையும் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவர் தடுக்கவில்லை. ஆனால் நடை மாறவில்லை. இன்னும் ஒரு படி மேலே போனது. இப்போது தோளும் இறங்கியது. வாசலைத் தாண்டும்போதெல்லாம் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எதைப் பார்க்கிறார் என்று அவளும் பார்ப்பாள். அங்கே அவளைத் தவிர ஒன்றும் இருக்காது. அவளைத்தான் பார்த்தாரா என்பதும் சந்தேகம்.

சில நாள் கழித்து நாத்தனாரே போர்வைச் சுருட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். உள்ளே வரவில்லை.

"பரண்ல சத்தம் கேக்குதா அண்ணி?" என்று அவள் கேட்டாள்.

"சத்தம் கேட்டா எலின்னு விட்டுருவேன். ஒரு சத்தமும் இல்ல. வீட்டுல எல்லாரும் அண்ணாந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கோம். சோறு திங்க முடியல. நீயே வச்சுக்கம்மா."

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கவசம் இருக்கட்டும், பத்துத் தலையும் இருக்கட்டும். இரண்டிரண்டு படியாக ஏறிவரும் அந்த மனிதர் திரும்பி வரவேண்டும். இப்போதெல்லாம் படியில் சத்தம் கேட்டால் அவள் மிதியை நிறுத்துவதில்லை. வேகமாக மிதிப்பாள்.

ஒரு விடுமுறை நாளில் விருந்தாளி ஒருவர் வந்தார். அவரும் கவசக்காரர், வேறு ஊர். கடிதத்திலும் போனிலும் பல வருடப் பழக்கம், நேரில் இதுதான் முதல்முறை. அந்தப் படத்தில் நாலாவது காவலன் போட்டிருந்த அசல் கால் கவசங்களில் ஒன்று அவரிடம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வந்திருந்தார்.

அவர் படியேறி வந்த சத்தத்தைக் கேட்டு அவள் தன் கணவர்தான் என்று நினைத்தாள். ஆனால் கணவர் பின்னறையிலிருந்து "வந்துட்டாரா?" என்று குரல் கொடுத்தார்.

மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பிறை, மூன்று கீறல், பக்கிளுக்குக் கீழே ஒரு பிசிறு. விருந்தாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் எது எவருடையது என்று இருவருக்குமே குழப்பமாகிவிட்டது. எடைபோட்டுப் பார்த்துத்தான் பிரித்தார்கள்.

அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"உங்களுக்கும் கால்ல பிரச்சினையா அண்ணே?" என்று கேட்டாள்.

"பிரச்சினைன்னு இல்லம்மா. இது கைக்கு வந்தப்ப ஒரே ஒரு தடவை கட்டிப் பாத்தேன். ஆசை யாரை விட்டது."

"கட்டினா?"

விருந்தாளி அவள் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "படத்துல துணி தைச்சவங்க ஒருத்தங்களை ஒருதடவை பாத்தேன். அவங்க சொன்னது. முதல்ல ஒரு ஆளுக்கு மாட்டிவிட்டாங்களாம். வலிக்குதுன்னு கத்தினாராம். மறுநாள் கத்தலை. படம் முடியறதுக்குள்ள வேற ஆள். அவரும் அதே நடை. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம், ஆள் மாறினதே தெரியலைன்னு."

"முதல் ஆள் என்ன ஆனார்?"

"அதான் வேடிக்கை. ரெண்டாவது ஆள் கட்டின அன்னைக்கே இவர் நேரா நடக்க ஆரம்பிச்சுட்டாராம்."

"ரெண்டாவது ஆள்?"

"அவர் வீட்டுலேர்ந்துதான் இது எனக்கு வந்தது. ரொம்பக் காலமாப் படுக்கை. இப்ப நல்லா இருக்காராம். மாடி ஏறுறாராம்" என்று சொல்லிவிட்டு, விருந்தாளி காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுல அவ, நான் ஒருதரம் கட்டிப் பாக்கவான்னு கேட்டா. பெட்டியப் பூட்டிச் சாவிய எங்கிட்டயே வச்சிருக்கேன்."

அவள் கணவரைப் பார்த்தாள். இதைக் கேட்டு அவர் பயப்படுவார், குறைந்தபட்சம் வாயை மூடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அப்படின்னா என்னோடது சரியா வந்திருக்கு" என்றார். "யோசிச்சுப் பாருங்க. அசலைக் கட்டினதால உங்களுக்கு இந்த நடை. எனக்கு நான் செஞ்சதைக் கட்டினதிலேயே வந்துடுச்சே! இதைவிட வேற சர்ட்டிபிகேட் வேணுமா?"

விருந்தாளி முதலில் தயங்கி, பிறகு தலையாட்டினார். ஆமாம், அது பெரிய விஷயம்தான் என்றார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் விருந்தாளியைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடப் போனார். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். இருவரும் ஒரே மாதிரி சாய்ந்து, ஒரே நேரத்தில் காலைச் சுழற்றி வைத்து நடந்தார்கள். நடுவில் பேச்சு. தெருமுனையில் ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். அது தன் புருஷனா, மற்றவரா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுவாரம் ஒரு மதியம். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அவள் பின்னறைக்குப் போனாள். தலைகள் வரிசையாக இருந்தன. கால் கவசங்களை எடுத்துக்கொண்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்தாள். தையல்காரிக்கு அடுத்தவர் அளவில் கைவைப்பது புதிதல்ல. உள்ளே பட்டை தைத்து இறுக்கினால் நிற்கும் என்று நினைத்து வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. இரண்டும் அவள் காலில் அவளுக்கே செய்ததுபோல உட்கார்ந்தன.

எழுந்தாள். வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வலித்தது. ஜன்னலிலிருந்து மெஷின்வரை நடந்தாள். மெஷினிலிருந்து கதவுவரை.

"வாங்க வாங்க" என்றது உள்ளேயிருந்து அவர் குரல். தூக்கம் கலையாத குரல். அவ்வளவு மரியாதையாக அவர் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. "உக்காருங்க. இதோ வந்துட்டேன்."

அவள் அசையவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. காலடி வந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவான, அவசரமான காலடி. அறை வாசலில் அவர் வந்து நின்றார். ஒரு கணம் சும்மா நின்றார்.

"நீயா?" என்றார். "யாரோ வந்தாரே."

"யாரும் வரலை."

அவர் பார்வை கீழே இறங்கியது. சடாரென்று முன்னால் வந்து முழங்காலிட்டார். கழற்றிவிடப் போகிறார் என்று நினைத்தாள். பக்கிளைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்க. இப்படிப் போட்டா தேய்வு இடம் மாறிடும். இரு, இடுக்கி எடுத்துட்டு வரேன்."

போனார். நேராகப் போனார். இடுக்கியோடு நேராகத் திரும்பி வந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி."

கொண்டுவந்தார்.

"அந்த ஜன்னலைச் சாத்துங்க."

சாத்தினார்.

"வேணாம், திறந்தே இருக்கட்டும்."

"என்னடி ஆச்சு உனக்கு, நின்ன இடத்துலேர்ந்து ராணி மாதிரி வேலை வாங்குற?" என்று சிரித்துக்கொண்டே போய்த் திறந்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் ஆயிற்று.

சோதித்துப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டு, அவர் சமையலறைக்குப் போகும்போது குனிந்து வலது கால் பக்கிளை அவிழ்த்தாள். கவசம் தளர்ந்து சரிந்தது. சமையலறையிலிருந்து திரும்பி வந்த காலடி குறில், நெடில், குறில், நெடில் என்று வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் டம்ளர், பாதி தண்ணீர் தளும்பிக் கொட்டியிருந்தது.

அவள் மறுபடி பூட்டினாள். ஒரு ஓட்டை இறுக்கியே பூட்டினாள்.

அன்று மாலை தனக்குத் தொளதொளவென்று ஒரு கால்சட்டை வெட்டினாள். கணுக்கால்வரை மறைக்கும்படி.

சில நாள் கழித்து ஒரு காலைப் பொழுது, தைக்கக் கொடுத்திருந்த பெண் ஒருத்தி துணியை வாங்க வந்தாள். கதவைத் திறக்க அவள் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் அந்தப் பெண்.

"என்னக்கா, காலு?"

"காலா? ஒண்ணுமில்லையே" என்றாள். "உள்ள வாங்க."

அந்த நேரம் பார்த்துப் பல்செட்டுக்காரர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வந்தவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, மனைவியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனார். அவள் கதவைச் சாத்தினாள். சாத்துவதற்குமுன் நின்று, காலிப் படிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.